அமெரிக்க மாநில ஜட்ஜ் நியமனம்: நியூஸ் படிக்கிறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவுல ஏதோ ஒரு மாநிலத்துல "கவர்னர் இன்னாரை சீஃப் ஜட்ஜா அறிவிச்சிட்டார்"னு நியூஸ் வந்த உடனே, அந்தாளு சீட்ல உக்காந்துட்ட மாதிரியே வாழ்த்து சொல்ல ஆரம்பிச்சிடறாங்க நம்மாளுங்க. அங்கயே வருஷக்கணக்கா குடியிருக்கறவங்க கூட இதுல கோட்டை விடறாங்க. ஒரு விதத்துல குத்தம் சொல்ல முடியாது. நம்மூர்ல ஹைகோர்ட் ஜட்ஜுக்கு கொலீஜியம் சிபாரிசு பண்ணுது, சென்ட்ரல் கவர்மெண்ட் ஃபைலை கொஞ்ச நாள் வச்சிருந்து நகர்த்துது, ஜனாதிபதி கையெழுத்து போடறார், சட்டசபைக்கு அதுல ஒரு வேலையும் கிடையாது. அதனால எம்எல்ஏ மாதிரி ஒரு ஆளு ஜட்ஜா வரப்போறவரை எதிர்ல உக்கார வச்சு கேள்வி கேட்டு, பிடிக்கலன்னா வேணாம்னு ஓட்டு போட்டு வீட்டுக்கு அனுப்பலாம்ங்கறது நமக்கு சட்டுனு மண்டைல ஏறாது. அங்க பல மாநிலத்துல அதான் நடைமுறை. அதோட, அங்க கவர்னர்னா ஜனங்க ஓட்டு போட்டு ஜெயிச்சு வந்தவர், நம்ம ராஜ்பவன் கவர்னர் இல்ல, அதையும் சேத்து மனசுல வச்சுக்கங்க.

இந்த விஷயத்துல நான் திரும்பத் திரும்ப பாக்கற தப்புகளை சொல்றேன். எல்லாத்துக்கும் அடியில ஒரே தப்பு தான் இருக்கு, ஓட்டெடுப்பு நாளை மட்டும் பாக்கறது. பெரும்பாலும் விஷயம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும், இல்லன்னா ஓட்டே நடக்காம முடிஞ்சிருக்கும்.

முதல்ல வாஷிங்டன் மாதிரியே எல்லா இடத்துலயும் நடக்கும்னு நெனைக்கறது. டிவில பாத்த அந்த பெரிய ஹியரிங், அப்புறம் செனட் ஓட்டு, அப்புறம் ஆயுசு முழுக்க பதவி, இது ஃபெடரல் கோர்ட் கதை. மாநில கோர்ட்டுக்கு 50 மாநிலம் 50 விதம்னு சொன்னா கொஞ்சம் தான் மிகை. கலிபோர்னியால கவர்னர் பேரை சொன்னா சட்டசபை பக்கமே போகாது, சீஃப் ஜஸ்டிஸ், அட்டர்னி ஜெனரல், ஒரு சீனியர் அப்பீல் ஜட்ஜ்னு 3 பேர் இருக்கற கமிஷன் தான் ஓகே பண்ணும், அதுக்கப்புறம் ஜனங்க வச்சுக்கலாமா வேணாமான்னு ஓட்டு போடுவாங்க, 1986ல அப்படித்தான் சீஃப் ஜஸ்டிஸ் ரோஸ் பேர்டையும் கூட இருந்த 2 ஜட்ஜையும் ஜனங்க இறக்கி விட்டாங்க. மசாசூசெட்ஸ்ல இந்த வேலை செனட்டுக்கு (மாநில சட்டசபையோட மேல் சபை) கிடையாது, கவர்னர்ஸ் கவுன்சில்னு 8 பேரை தனியா தேர்ந்தெடுத்து வச்சிருக்காங்க, அவங்க தான் ஓட்டு போடணும். நியூ ஹாம்ப்ஷயர்லயும் அதே மாதிரி, 5 பேர். மிசௌரில 1940லேந்து ஒரு கமிஷன் 3 பேரை கொடுக்கும், கவர்னர் ஒருத்தரை எடுப்பார், அவ்ளோதான், செனட்டுக்கு இடமே இல்ல. சவுத் கரோலினா, வர்ஜீனியா ரெண்டும் நேர் எதிர், அங்க சட்டசபையே ஜட்ஜை தேர்ந்தெடுக்கும், கவர்னர் பேரை அனுப்பி அவங்க ஒப்புக்கறதுங்கற பேச்சே இல்ல. கனெக்டிகட்ல ஒரு சபை போதாது, ரெண்டு சபையும் ஒத்துக்கணும்.

கனெக்டிகட்ல 2018ல இது நல்லா தெரிஞ்சுது. கவர்னர் டானல் மல்லாய், ஏற்கனவே அந்த சுப்ரீம் கோர்ட்ல ஜட்ஜா இருந்த ஆண்ட்ரூ மெக்டொனால்டை சீஃப் ஜஸ்டிஸா ஆக்கணும்னு பேர் அனுப்பினார். கீழ் சபைல 75க்கு 74, ஒரே ஒரு ஓட்டுல தப்பிச்சார். அன்னிக்கு நைட்டு "ஜெயிச்சிட்டார்"னு படிச்சவங்களுக்கு அடுத்து செனட்ல 16க்கு 19னு விழுந்தது அதிர்ச்சி தான். ஆனா அவர் வேலை போயிடல, பழைய சீட்லயே ஜட்ஜா தொடர்ந்தார். "நிராகரிச்சிட்டாங்க"ன்ன உடனே ஆளு கோர்ட்ட விட்டே போயிட்டார்னு எழுதறாங்க பாருங்க, அது அப்படி இல்ல, புது பதவிக்கு தான் வேணாம்னாங்க.

அடுத்தது எந்த கோர்ட்னு பாக்காம விடறது. நியூயார்க்ல இது பெரிய குழி. அங்க சுப்ரீம் கோர்ட்ங்கறது கீழ்க்கோர்ட், வழக்கு விசாரணை நடக்கற இடம், உச்சில இருக்கறது கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ். சுப்ரீம் கோர்ட் ஜட்ஜை ஜனங்க ஓட்டு போட்டு தேர்ந்தெடுப்பாங்க, செனட்டுக்கு வேலை இல்ல. கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் ஜட்ஜுக்கு தான் கவர்னர் பேர் சொல்லி செனட் ஒத்துக்கணும். இதுல இன்னொரு சிக்கல், கோர்ட் ஆஃப் கிளெய்ம்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதுக்கும் கவர்னர் பேர் சொல்லி செனட் ஒத்துக்கணும், 9 வருஷ டெர்ம், ஆனா அப்படி வந்தவங்கள்ல நிறைய பேர் சுப்ரீம் கோர்ட்ல ஆக்டிங் ஜட்ஜா உக்காந்திருப்பாங்க. அப்ப செனட் வழியா வந்தவரும் ஓட்டு வழியா வந்தவரும் பக்கத்து பக்கத்து ரூம்ல ஒரே மாதிரி வேலை பாப்பாங்க. இது தெரியாம "சுப்ரீம் கோர்ட் ஜட்ஜை செனட் ஓகே பண்ணிச்சு"ன்னு தலைப்பு போட்டா எல்லாமே தப்பாயிடும். கான்சாஸ்ல இன்னும் வேடிக்கை. அங்க சுப்ரீம் கோர்ட்டுக்கு கமிஷன் லிஸ்ட் கொடுக்கும், கவர்னர் எடுப்பார், செனட் கேள்வி கேக்காது. 2013லேந்து அதுக்கு ஒரு படி கீழ இருக்கற கோர்ட் ஆஃப் அப்பீல்ஸுக்கு மட்டும் செனட் ஒப்புதல் வேணும். பெரிய கோர்ட்டுக்கு வேணாம், சின்ன கோர்ட்டுக்கு வேணும்!

கவர்னர் இஷ்டப்பட்ட ஆளை கொண்டு வரலாம்னு நெனைக்கறதும் பல இடத்துல தப்பு. நியூயார்க்லயே பாருங்க, கோர்ட் ஆஃப் அப்பீல்ஸுக்குன்னு 12 பேர் கமிஷன் ஒண்ணு இருக்கு, 4 பேரை கவர்னர் போடுவார், 4 பேரை அந்த கோர்ட்டோட சீஃப் ஜட்ஜ், மீதி 4 சட்டசபை தலைவர்கள் ஆளுக்கு ஒண்ணு. சீஃப் ஜட்ஜ் பதவின்னா அவங்க 7 பேர் லிஸ்ட் கொடுப்பாங்க, அந்த 7க்குள்ள தான் கவர்னர் எடுக்கணும். அதனால "ஏன் அவரை போடல"ன்னு கவர்னரை திட்டறதுக்கு முன்னாடி அவர் பேர் லிஸ்ட்ல இருந்துச்சான்னு பாருங்க. ஹவாய்லயும் லிஸ்ட் தான், 4லேந்து 6 பேர் வரைக்கும். நியூ ஜெர்சில அப்படி சட்டத்துல கட்டின லிஸ்ட் இல்ல, கவர்னர் நேரா பேர் சொல்லலாம்.

இப்ப எனக்கு பிடிச்ச கேஸுக்கு வரேன், ஏன்னா இதுல நாலஞ்சு தப்பு ஒரே இடத்துல மாட்டும். நியூயார்க் சீஃப் ஜட்ஜ் ஜேனட் டிஃபியோரி 2022 ஆகஸ்ட் கடைசில விலகிட்டார். கவர்னர் கேத்தி ஹோக்கல் டிசம்பர்ல லிஸ்ட்லேந்து ஹெக்டர் லசால் பேரை எடுத்தார். கோர்ட் ஆஃப் அப்பீல்ஸுக்கு ஒரு படி கீழ இருக்கற அப்பீல் கோர்ட்ல தலைமை ஜட்ஜா இருந்தவர், வந்திருந்தா அந்த மாநிலத்தோட முதல் லத்தீனோ சீஃப் ஜட்ஜ். கவர்னர் டெமாக்ராட், செனட்லயும் டெமாக்ராட் கட்சிக்கு பெரிய மெஜாரிட்டி, 63ல 42. கட்சிக்காரங்க கைல செனட் இருக்கு, பாஸ் ஆயிடும்னு தான் வெளில இருந்து பாத்தவங்க எல்லாரும் சொன்னாங்க, ஏன்னா 1977ல இந்த முறை வந்ததுலேந்து ஒரு கவர்னர் அனுப்பின பேரையும் செனட் தள்ளினதே இல்ல.

ஆனா பேர் அறிவிச்ச சில நாள்லயே யூனியன்காரங்க எதிர்த்தாங்க, முற்போக்கு அணி செனட்டர்கள் ஒவ்வொருத்தரா வெளிப்படையா வேணாம்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. அவர் கையெழுத்து போட்ட பழைய தீர்ப்புகளை தோண்டி எடுத்தாங்க, கேபிள்விஷன் கம்பெனி யூனியன் தலைவர்கள் மேல அவதூறு கேஸ் போட வழி விட்ட தீர்ப்பு, கருக்கலைப்புக்கு எதிரா வேலை செய்யற ஒரு மையத்து மேல நடந்த விசாரணைய சுருக்கின தீர்ப்பு, இப்படி. அந்த தீர்ப்புகள வச்சு ஒருத்தரை எடை போடறது நியாயமா இல்லையான்னு ரெண்டு பக்கமும் பேசலாம், என் கருத்து அது கொஞ்சம் அவசரத் தீர்ப்பு தான், அவர் ஆயிரக்கணக்குல கேஸ் பாத்தவர். ஆனா அரசியல் கணக்கு நியாயம் பாத்து நடக்காது. ஜனவரி மாசமே, செனட்ல ஜட்ஜுங்க பேரை முதல்ல அலசற ஜுடிஷியரி கமிட்டிய 15லேந்து 19 பேரா பெருசு பண்ணாங்க. இந்த மாதிரி ஒரு வரி நியூஸ் வந்தா அதை தாண்டி போயிடாதீங்க, கமிட்டி அளவு மாறுதுன்னா யாரோ விரல் விட்டு ஓட்டு எண்ணிக்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம். ஜனவரி 18 ஹியரிங், மணிக்கணக்கா நடந்துச்சு, கடைசில 10 பேர் வேணாம், 2 பேர் வேணும், 7 பேர் சிபாரிசு இல்லாம முழு செனட்டுக்கு அனுப்பலாம்னு சொன்னாங்க. கமிட்டிலயே விழுந்துச்சு.

கமிட்டில விழுந்தா முடிஞ்சுதான்னா, அங்கதான் அடுத்த சண்டை. செனட் தலைமை முடிஞ்சுதுன்னு சொன்னுச்சு. எதிர்க்கட்சி செனட்டர் ஆன்டனி பலும்போ, சட்டம் செனட் ஒப்புதல்னு தான் சொல்லுது, கமிட்டி ஒப்புதல்னு சொல்லலையேன்னு கேஸ் போட்டார். கடைசில பிப்ரவரி 15ம் தேதி முழு செனட்லயும் ஓட்டு வச்சாங்க, 20க்கு 39, தோத்தார். ஏப்ரல்ல கவர்னர், ஏற்கனவே அந்த கோர்ட்ல இருந்த ரோவன் வில்சன் பேரை அனுப்பினார், அது ஈசியா பாஸ் ஆச்சு, அந்த மாநிலத்தோட முதல் கறுப்பின சீஃப் ஜட்ஜ் அவர் தான். அவர் மேல போனதுல காலியான சீட்டுக்கு கெய்ட்லின் ஹாலிகன்.

அப்ப கமிட்டிங்கறது சும்மா சடங்கா, இல்ல அது தான் முடிவான்னு கேட்டா, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மெய்ன் மாநிலத்துல கமிட்டி சொல்றது தான் நிக்கும், அதை செனட் மாத்தணும்னா மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். நியூ ஜெர்சில கமிட்டில 7க்கு 6னு தோத்தா அதோட கதை முடிஞ்ச மாதிரி தான், 2012ல மார்ச்ல ஃபிலிப் குவான், மே கடைசில புரூஸ் ஹாரிஸ்னு ரெண்டு பேரும் சரியா 7க்கு 6ல போனாங்க. மெஜாரிட்டின்னா பாதிக்கு மேலன்னு எல்லா இடத்துலயும் எடுத்துக்காதீங்க, பென்சில்வேனியால ஜட்ஜுங்க தேர்தல்ல வர்றவங்க, நடுவுல காலியாற சீட்டுக்கு மட்டும் கவர்னர் ஆள் போடுவார், அதுக்கு செனட்ல மூணுல ரெண்டு பங்கு வேணும்.

சரி, ஓட்டே நடக்கலன்னா? இத நிறைய பேர் யோசிக்கறதே இல்ல. சில மாநிலத்துல மௌனம் சம்மதம். ஹவாய்ல செனட் 30 நாளைக்குள்ள வேணாம்னு சொல்லலன்னா ஒத்துக்கிட்டதா அர்த்தம். டென்னஸில 2014ல அரசியல் சட்டத்த திருத்தி, சட்டசபை 60 நாளைக்குள்ள நிராகரிக்கலன்னா அப்பீல் ஜட்ஜு நியமனம் தானா உறுதி ஆயிடும்னு வச்சிட்டாங்க. ஆனா நியூ ஜெர்சில மௌனம்னா மறுப்பு. வருஷக்கணக்கா கூட மறுப்பு.

நியூ ஜெர்சிய கொஞ்சம் விரிவா சொல்லணும், சாமர்செட் கவுண்டி (கவுண்டின்னா நம்மூர் மாவட்டம் மாதிரி) பக்கம் நம்ம ஜனங்க நிறைய இருக்காங்க, இது அவங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்த விஷயம். 1947 அரசியல் சட்டப்படி கவர்னர் பேர் சொல்லணும், செனட் ஒத்துக்கணும், அவ்ளோதான் எழுதியிருக்கு. எழுதாத ஒண்ணு இருக்கு, செனட்டோரியல் கர்ட்டஸின்னு சொல்வாங்க. ஜட்ஜா வரப்போறவரோட சொந்த கவுண்டி செனட்டர்கள் எல்லாரும் கையெழுத்து போட்டா தான் பேர் கமிட்டிக்கே போகும். ஒருத்தர் போடலன்னா நின்னுடும், காரணம் கூட சொல்ல வேண்டியதில்ல. கல்யாணத்துல தாய்மாமன் கோச்சுக்கிட்டு வெளில நின்னா மாதிரி தான், எந்த சட்டத்துலயும் இல்ல, ஆனா அவர் வராம தாலி கட்ட மாட்டாங்க. 2021 மார்ச்ல கவர்னர் ஃபில் மர்ஃபி, ரேச்சல் வெய்னர் ஆப்டர் பேரை சுப்ரீம் கோர்ட்டுக்கு அனுப்பினார், பெர்கன் கவுண்டி செனட்டர் ஹோலி ஷெபிசி கையெழுத்து போடாததால அப்படியே நின்னுச்சு, 2022 அக்டோபர்ல தான் பாஸ் ஆச்சு. அதுக்கு நடுவுல கவர்னர், ஷெபிசியோட ரிபப்ளிகன் கட்சியச் சேந்த டக்ளஸ் ஃபாஸியாலே பேரை இன்னொரு சீட்டுக்கு அனுப்பினார், அதுக்கப்புறம் தான் கதவு திறந்துச்சு. இதுல ஓட்டெடுப்பு அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு மட்டும் பாத்தா ஒண்ணுமே புரியாது.

மேல் கோர்ட்னா நியூஸ் வரும். கீழ சுப்பீரியர் கோர்ட்ல இதே மாதிரி நின்னு போன சீட்டுங்க எத்தனையோ, யாரும் எழுத மாட்டாங்க. கவர்னர் ஆபீஸ் பேரை லேட்டா அனுப்பும், செனட்டர் கையெழுத்த பிடிச்சு வச்சிருப்பார், ஜட்ஜுங்க 70 வயசு ஆகி ரிட்டையர் ஆயிக்கிட்டே இருப்பாங்க. 2023 பிப்ரவரி 21லேந்து சாமர்செட், ஹண்டர்டன், வாரன் ஒரு பக்கம், க்ளாஸ்டர், கம்பர்லண்ட், சேலம் இன்னொரு பக்கம்னு 6 கவுண்டில சிவில் வழக்கு, டைவர்ஸ் வழக்கு விசாரணைய, சில விதிவிலக்கு தவிர, சீஃப் ஜஸ்டிஸ் ஸ்டூவர்ட் ராப்னர் நிறுத்தி வச்சார், ஜட்ஜே இல்லன்னு. ஒரு டைவர்ஸுக்காக அலையறவங்களுக்கு செனட் ஒப்புதல்ங்கறது டிவில வர்ற அரசியல் இல்லன்னு அன்னிக்கு தான் புரிஞ்சிருக்கும்.

ஒரு தடவ ஒப்புதல் ஆயிட்டா அப்புறம் பயமில்லன்னு நெனைக்கறதும் தப்பு. நியூ ஜெர்சில முதல் டெர்ம் 7 வருஷம், திரும்ப நியமிச்சா 70 வயசு வரைக்கும். அந்த ரெண்டாவது தடவையும் கவர்னர் பேர் சொல்லணும், செனட் ஒத்துக்கணும். 1947லேந்து சுப்ரீம் கோர்ட்ல எந்த கவர்னரும் யாரையும் திரும்ப நியமிக்காம விட்டதில்ல, கட்சி எதுவா இருந்தாலும். 2010 மே மாசம் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி அத உடைச்சார். ஜான் வாலஸ், அப்ப அந்த கோர்ட்ல இருந்த ஒரே கறுப்பின ஜட்ஜ், ரிட்டையர் ஆக இன்னும் ரெண்டு வருஷம் கூட முழுசா இல்ல, அவரை வேணாம்னுட்டார். செனட் தலைவர் ஸ்டீஃபன் ஸ்வீனி பதிலுக்கு புது ஆளுக்கு ஹியரிங்கே கிடையாதுன்னு உக்காந்துட்டார். காலி சீட்ல அப்பீல் ஜட்ஜை தற்காலிகமா உக்கார வச்சாங்க, அத எதிர்த்து அதே கோர்ட் ஜட்ஜ் ரிவேரா சோட்டோ இப்படி அமைஞ்ச கோர்ட்டே செல்லாதுன்னு சொல்லி தீர்ப்புல கலந்துக்காம ஒதுங்கினார். மேல சொன்ன குவான், ஹாரிஸ் ரெண்டு பேர் விழுந்ததும் இதே சண்டையோட தொடர்ச்சி தான். 2013ல ஹெலன் ஹோன்ஸ், கிறிஸ்டியோட சொந்த கட்சிக்காரர், அவரை கூட செனட்ல அவமானப்பட வேணாம்னு சொல்லி திரும்ப நியமிக்கல. 2014ல தான் ராப்னரை திரும்ப போடறேன், பதிலுக்கு நான் சொல்ற லீ சாலமனை ஒத்துக்கங்கன்னு ஒரு வழியா சமாதானம் ஆனாங்க. நாலு வருஷம். ஒரே ஒரு "திரும்ப நியமிக்கல"லேந்து கிளம்பினது.

தற்காலிக நியமனத்த நிரந்தரம்னு எடுத்துக்கறது இன்னொண்ணு. வர்ஜீனியால சட்டசபை கூடாத நேரத்துல சீட் காலியானா கவர்னர் ஆள் போடலாம், சபை கூடினதும் அவங்க தேர்ந்தெடுத்தா தான் நிலைக்கும். 2015ல கவர்னர் டெரி மெக்காலிஃப், ஜேன் ரூஷை சுப்ரீம் கோர்ட்ல போட்டார், உக்காந்து கேஸும் பாத்தார், யாரும் திறமைய குறை சொல்லல. சபை அவரை தேர்ந்தெடுக்கவே இல்ல, எங்கள கேக்காம போட்டீங்கங்கற கோபம். 2016ல ஸ்டீஃபன் மெக்கல்லோவை தேர்ந்தெடுத்தாங்க.

பழைய பேப்பர் எவ்ளோ தூரம் தொரத்தும்னு வேட்பாளர்களே குறைச்சு எடை போடறாங்க. கான்சாஸ்ல 2019ல கவர்னர் லாரா கெல்லி கோர்ட் ஆஃப் அப்பீல்ஸுக்கு அனுப்பின ஜெஃப்ரி ஜாக், பழைய அரசியல் ட்வீட்டுங்க வெளில வந்து மாட்டிக்கிட்டார். கவர்னர் பேரை வாபஸ் வாங்கினார், வாங்கவே முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, செனட் சம்பிரதாயத்துக்கு ஓட்டு வச்சு, ஆதரவா ஒரு ஓட்டு கூட விழல. வாபஸ் வாங்கிட்டா கதை முடிஞ்சுதுன்னு நெனைக்கறவங்களுக்கு இது ஒண்ணு போதும். கனெக்டிகட்ல 2023ல சாண்ட்ரா ஸ்லாக் க்ளோவர் பேர் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தப்ப, 2017ல ஏமி கோனி பாரெட்டை ஃபெடரல் அப்பீல் கோர்ட்டுக்கு ஆதரிச்சு போட்ட ஒரு கையெழுத்து பிரச்சனையாச்சு, கூட வேலை பாத்தவங்க சேந்து போட்ட லெட்டர் அது, ஆனா அதுக்கப்புறம் பாரெட் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்கு போயி, கருக்கலைப்பு உரிமைய எடுத்துட்ட தீர்ப்பும் வந்துடுச்சு. ஹியரிங் முடிஞ்சு ஓட்டுக்கு போகாமலே விலகிட்டார்.

கடைசியா, அங்க குடியுரிமை வாங்கி ஓட்டு போடறவங்களுக்கு ஒண்ணு. ஒரு ஜட்ஜ் வரணும்னோ வரக்கூடாதுன்னோ தோணினா பேர் அறிவிச்ச அப்புறம் கவர்னர் ஆபீஸுக்கு மெயில் போடறது வீண், அவர் முடிவெடுத்தாச்சு. நியூ ஜெர்சில செனட்டுக்கு பேர் அனுப்பறதுக்கு முன்னாடி 7 நாள் பொது அறிவிப்பு கொடுக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. அந்த அறிவிப்பு வந்த உடனே அந்த ஜட்ஜ் எந்த கவுண்டிக்காரர்னு பாருங்க, அந்த கவுண்டி செனட்டர்கள்ல உங்க செனட்டரும் இருந்தா அந்த ஆபீஸுக்கு போன் பண்ணி கையெழுத்து போட்டாச்சான்னு கேளுங்க. இல்லன்னா ஜுடிஷியரி கமிட்டில உங்க செனட்டர் இருக்காரான்னு பாருங்க. ரெண்டும் இல்லன்னா முழு செனட் ஓட்டு வரைக்கும் காத்திருங்க, ஆனா அது வருமான்னு யாரும் கியாரண்டி கொடுக்க மாட்டாங்க.